கோல்கீப்பரின் களைப்பில் பிறந்த எண்

ஐஸ் ஹாக்கியில் ஆட்டம் முடிந்ததும் ஒரு தாள் வரும். யார் கோல் போட்டார், யார் பக் என்னும் வட்டை எடுத்துக்கொடுத்தார், எந்த கோல்கீப்பர் எத்தனை ஷாட்டைத் தடுத்தார் என்றெல்லாம் அதில் இருக்கும். பஃபலோ சேபர்ஸ் அணியில் கோல்கீப்பர்களைப் பழக்கிய ஜிம் கோர்சிக்கு அந்தத் தாளின் மேல் ஒரு மனக்குறை. தன் கோல்கீப்பர் அன்றைக்கு எவ்வளவு உழைத்தார் என்பதை அது சொல்லவில்லை.

சொல்லியிருக்கத்தானே வேண்டும் என்று தோன்றும். 20 ஷாட் வந்தால் லேசான நாள், 40 வந்தால் கடினமான நாள், அவ்வளவுதானே? இல்லை. அந்தத் தாளில் ‘ஷாட்’ என்று எழுதப்படுவது வலைக்கு நேராகப் போனது மட்டும்தான். கோல் ஆனதும் கோல்கீப்பர் தடுத்ததும் கணக்கில் வரும். கம்பத்துக்கு வெளியே போனது வராது. நடுவில் ஒரு தடுப்பாட்டக்காரர் குப்புற விழுந்து தன் காலில் வாங்கிக்கொண்டதும் வராது. ஆனால் பக் அடிபடும் அந்தக் கணத்தில், அது எங்கே போகும் என்று கோல்கீப்பருக்கு எப்படித் தெரியும்? மூன்று அங்குல விட்டமும் ஒரு அங்குலக் கனமும் உள்ள கெட்டி ரப்பர் வட்டு அது. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில்கூட வரும். அவர் குனிய வேண்டும், தசைகளை இறுக்க வேண்டும், பக்கவாட்டில் சறுக்க வேண்டும், முழங்காலில் விழுந்து கால்கவசங்களை விரிக்க வேண்டும். பக் வெளியே போய்விட்டால் எழுந்து நின்று மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். தாளில் பூஜ்யம், உடம்பில் முழு உழைப்பு.

கோர்சி இதை ஏட்டில் படித்துத் தெரிந்துகொண்டவர் இல்லை. அவரே கோல்கீப்பர். மான்ட்ரியாலில் பிறந்து, 1979–80 பருவத்தில் எட்மன்டன் ஆயிலர்ஸ் அணிக்காக 26 ஆட்டம் ஆடியவர். அதன்பின் இத்தாலிக்குப் போய் அந்த நாட்டு அணிக்கே வலை காத்தார். 1982 உலகச் சாம்பியன்ஷிப்பில், வெய்ன் கிரெட்ஸ்கி ஆடிய கனடாவை இத்தாலி 3–3 என்று சமன் செய்தது. ஐஸ் ஹாக்கி தெரிந்தவர்களுக்கு இது நம்பவே முடியாத ஸ்கோர். ஷாட்டுகள் வலைமேல் வந்து விழுந்துகொண்டே இருக்கும் ஆட்டம் எப்படி இருக்கும் என்று கோர்சிக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

ஆகவே அவர் ஒரு எளிய வேலை செய்தார். வலைக்குப் போனது, வெளியே போனது, வழியில் தடுக்கப்பட்டது என்று எதையும் விடாமல் எல்லாவற்றையும் எண்ணினார். கோல்கீப்பர் எத்தனை முறை ‘தயார்’ ஆக வேண்டியிருந்தது என்பதுதான் அவருக்கு வேண்டிய விடை. யார் ஜெயிப்பார், யாருக்குச் சம்பளம் கூட்டலாம் என்பதெல்லாம் அந்தக் கேள்வியில் இல்லவே இல்லை. இந்த இடத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரப்போகும் வம்புகள் எளிதில் புரியும்.

இனி பெயர் வைத்த கதை. ஹாக்கி எழுத்தாளர் பாப் மெக்கென்சி தேடிப்பிடித்து, 2014-இல் வெளியான தன் புத்தகத்தில் எழுதிய பிறகுதான் இது பலருக்கும் தெரிய வந்தது. சிகாகோவில் நிதித்துறையில் இருந்த டிம் பார்ன்ஸ் எட்மன்டன் அணியின் ரசிகர். இணையத்தில் அவர் எழுதியது ‘விக் ஃபெராரி’ என்ற புனைபெயரில்; ‘டாக்ஸி’ என்ற பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் வரும் பாத்திரத்தின் பெயர் அது. ஒருநாள் சேபர்ஸ் அணியின் பொது மேலாளர் டார்சி ரிஜியர் வானொலியில் பேசிக்கொண்டிருந்தார். தங்கள் அணியில் வலையை நோக்கி அடிக்கப்படும் எல்லாவற்றையும் எண்ணுகிறோம் என்ற பொருளில் ஏதோ சொன்னார். பார்ன்ஸ் அதைப் பிடித்துக்கொண்டார். பெயர் வைக்க வேண்டுமே! ‘ரிஜியர் எண்’ என்று யோசித்தார், காதுக்குச் சரியாக விழவில்லை. தலைமைப் பயிற்சியாளர் லிண்டி ரஃப் பெயரும் ஒத்துவரவில்லை. சேபர்ஸ் அணியின் பக்கங்களைப் புரட்டியபோது கோர்சியின் படம் கண்ணில் பட்டது. அடர்ந்த மீசை. மீசை பிடித்துப்போயிற்று, பெயரும் ஒட்டிக்கொண்டது. எண்ணைக் கண்டுபிடித்தவர் உண்மையிலேயே கோர்சிதான் என்பது பார்ன்ஸுக்கு அப்போது தெரியாது. குருட்டாம்போக்கில் எறிந்த கல் சரியான மாங்காயில் பட்டது. புள்ளியியலில் இப்படிச் சரியான ஆளின் பெயர் தற்செயலாக வந்து அமைந்த வேறொரு அளவு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பெயர் தற்செயல். தேவை தற்செயலானது இல்லை.

ஐஸ் ஹாக்கியின் பெரிய சிக்கல், கோல் அபூர்வம் என்பதே. அறுபது நிமிட ஆட்டத்தில் ஒரு அணிக்குச் சராசரியாக மூன்று கோல் விழும். அதில் ஒன்று யாரோ ஒருவரின் சறுக்குக்கட்டையில் பட்டுத் திரும்பியதாக இருக்கும். இன்னொன்று கோல்கீப்பரின் கண்ணை மறைத்து ஆள் நின்றதால் விழுந்ததாக இருக்கும். கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்தும் தனித்தனியே நடந்து, தனித்தனியே கணக்கில் ஏறி, நின்று, அடுத்த பந்து வரும். இங்கே எதுவும் நிற்காது. ஒவ்வோர் அணியிலும் கோல்கீப்பர் போக ஐந்து பேர் பனியில் இருப்பார்கள். முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்திலேயே வேலி தாண்டி ஆள் மாறுவார்கள். யார் நன்றாக ஆடினார்கள் என்று கோலை மட்டும் வைத்துச் சொல்ல, ஒரு பருவத்தின் 82 ஆட்டமும் போதாமல் போகலாம்.

பழைய காலத்திலும் முயற்சி நடந்தது. மான்ட்ரியால் கனடியன்ஸ் அணி 1950-களிலேயே ‘பிளஸ்-மைனஸ்’ என்று ஒரு கணக்கு வைத்திருந்தது. ஒருவர் பனியில் இருக்கும்போது தன் அணி கோல் போட்டால் அவருக்குக் கூட்டல் ஒன்று, எதிரணி போட்டால் கழித்தல் ஒன்று. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் 1967–68 முதல் அதை அதிகாரபூர்வமாக வெளியிட்டது. நல்ல யோசனைதான், ஆனால் எண்ணப்படுவது மறுபடியும் அந்த அபூர்வமான கோல். தன் கோல்கீப்பர் தூங்கினால் தடுப்பாட்டக்காரரின் பிளஸ்-மைனஸ் சரியும். பல பத்தாண்டுகள் இந்த எண்ணை வைத்து விருது கொடுத்தார்கள், ஆளைத் திட்டினார்கள், சம்பளமும் பேசினார்கள்.

ஷாட் முயற்சிகளை எண்ணினால் நிலைமை மாறுகிறது. ஒரு அணி ஓர் ஆட்டத்தில் ஐம்பது, அறுபது முறை வலையை நோக்கி அடிக்கும். மூன்றை வைத்துப் பேசுவதற்கும் அறுபதை வைத்துப் பேசுவதற்கும் வித்தியாசம் உண்டல்லவா? இன்னொரு லாபமும் இருந்தது. பக்கைக் கையில் வைத்திருக்கும் அணிதான் அடிக்க முடியும். எதிரியின் பகுதி தொடங்கும் நீலக்கோட்டுக்கு உள்ளே இருந்தால்தான் தொடர்ந்து அடிக்க முடியும். பக் யாரிடம் எவ்வளவு நேரம் இருந்தது என்ற தகவல் ரசிகர்களுக்குக் கிடைக்கவில்லை. ஷாட் முயற்சிகளோ லீக் வெளியிட்ட ஆட்டப் பதிவிலேயே வரிசையாக இருந்தன. அந்த நேரத்தில் பனியில் இருந்தவர்கள் யார் என்பதும் இருந்தது. பார்ன்ஸும் அவர் போன்றவர்களும் இரண்டையும் சேர்த்தார்கள். நம் முயற்சிகளை இரு தரப்பு முயற்சிகளின் மொத்தத்தால் வகுத்தால் ஒரு சதவீதம் வரும். 50-க்கு மேல் என்றால் ஆட்டம் பெரும்பாலும் எதிரியின் பக்கத்தில் நடக்கிறது என்று பொருள். 55 தொட்டால் அது மிக வலுவான அணி, 45 என்றால் தலைவலி. கோல்கீப்பரின் களைப்பை அளக்க வந்த எண், ஓசையில்லாமல் அணியின் ஆதிக்கத்தை அளக்கும் எண்ணாக வேலை மாறியது.

கூடவே உடன்பிறப்புகளும் வந்தன. கால்கரி ரசிகர் மாட் ஃபென்விக், தடுக்கப்பட்ட ஷாட்டுகளை நீக்கிவிட்டு எண்ணலாம் என்றார். ஷாட்டைத் தடுப்பதும் ஒரு திறமைதானே என்பது அவர் வாதம். அந்த அளவுக்கு அவர் பெயரே நின்றது. பிரையன் கிங் என்பவர் தந்தது இன்னும் சுவையானது. அணியின் ஷாட்டுகளில் கோல் ஆகும் சதவீதத்தையும், அதன் கோல்கீப்பர் தடுக்கும் சதவீதத்தையும் கூட்டுங்கள் என்றார். ஒருவர் போட்ட கோல் இன்னொருவர் தடுக்கத் தவறியதுதான். ஆகையால் லீக் முழுவதற்கும் கூட்டினால் சரியாக 100 வந்தே தீரும். ஓர் அணிக்கு மட்டும் 103 என்று நின்றால், பெரும்பாலும் அதிர்ஷ்டம் அவர்கள் வீட்டில் விருந்துக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம். விருந்தாளி கிளம்புவார். இதன் பெயர் பி.டி.ஓ, கிங் இணையத்தில் வைத்திருந்த புனைபெயர் அது.

இவ்வளவும் ரசிகர்களின் விளையாட்டாகவே முடிந்திருக்கும், கணிப்புகள் பலிக்காமல் இருந்திருந்தால்.

2011 டிசம்பரில் மினசோட்டா வைல்ட் அணி லீக்கிலேயே முதலிடத்தில் இருந்தது. ஷாட் கணக்கைப் பார்த்தவர்கள், இது நிற்காது என்றார்கள். பருவம் முடிந்தபோது அந்த அணி கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுக்கே தகுதி பெறவில்லை. அதே பருவத்தில் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் நேர் எதிரான கதை. கோல் போடுவதில் முப்பது அணிகளில் 29-ஆவது இடம், மேற்குப் பிரிவில் தட்டுத்தடுமாறி எட்டாவதாக உள்ளே வந்தார்கள். ஆனால் கோர்சி கணக்கில் மேல்வரிசை. அந்த எட்டாவது அணி பிளேஆஃபில் பதினாறு வென்று நான்கே தோற்று லீக்கின் ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியது. எட்டாம் இடத்திலிருந்து வந்து கோப்பை வென்ற முதல் அணி அதுதான்.

ஆனாலும் இந்தச் சண்டை முற்றி வெடித்தது டொரொன்டோவில். அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

டொரொன்டோ மேப்பிள் லீஃப்ஸ் கடைசியாகக் கோப்பை வென்றது 1967-இல். அந்த நகரத்துக்கு இது ஆறாத வடு. அங்கே ஸ்கார்பரோ பகுதியில் வளர்ந்த நம் தமிழ்ப் பிள்ளைகளில் சிலருக்கும் இந்த வடு பரம்பரைச் சொத்தாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. 2004-க்குப் பிறகு பிளேஆஃப் முகமே பார்க்காத அந்த அணி, 2013-இல் உள்ளே வந்தது. முதல் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில், பாஸ்டனுக்கு எதிராக, மூன்றாவதும் கடைசியுமான கட்டத்தில் 4–1 என்று முன்னிலையில் இருந்து, கூடுதல் நேரத்தில் 5–4 என்று தோற்றது. நெஞ்சு உடைந்தாலும், நாம் நெருங்கிவிட்டோம் என்று நகரம் நம்பியது. நிர்வாகமும் நம்பியது. அந்தக் கோடையில் டேவிட் கிளார்க்சன் என்ற ஆட்டக்காரருக்கு ஏழு ஆண்டுக்கு 36.75 மில்லியன் டாலர் எழுதிக் கொடுத்தது.

எண்ணிக்கைக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அந்த அணி எதிரியிடம் பக்கைக் கொடுத்துவிட்டுத் தன் வலைமுன் குவிந்து நின்று ஆடுகிறது, கோர்சியில் லீக்கின் அடித்தட்டில் கிடக்கிறது, இவ்வளவு நாள் காப்பாற்றியது ஷாட் சதவீதமும் கோல்கீப்பரும்தான் என்றார்கள். தொலைக்காட்சியில் உட்கார்ந்திருந்த முன்னாள் ஆட்டக்காரர்கள் சிரித்தார்கள். தரமான ஷாட்டுக்காகக் காத்திருக்கிறோம், எண்ணிக்கை எதற்கு என்பது அணியின் பக்கத்து விளக்கம். 2014 மார்ச் நடுவரை இந்த விளக்கம் செல்லுபடியானது. அணி பிளேஆஃப் இடத்தில் உறுதியாக நின்றது. பிறகு தொடர்ந்து எட்டு தோல்வி. கடைசி 14 ஆட்டங்களில் வென்றது இரண்டே இரண்டு. அந்தப் பருவம் முழுக்க ஆட்டத்துக்கு ஏறத்தாழ 36 ஷாட்டுகளை அவர்களுடைய கோல்கீப்பர்கள் எதிர்கொண்டிருந்தார்கள். லீக்கிலேயே அதிகம் அதுதான். கோர்சி முதலில் கேட்ட கேள்வியை இங்கே யாராவது கேட்டிருக்கலாம்: அந்த கோல்கீப்பர் எவ்வளவு களைத்திருப்பார்?

அந்த 2014 கோடையில் லீக் தலைகீழானது. டொரொன்டோ 28 வயது கைல் டூபாஸை உதவிப் பொது மேலாளராக்கியது. அடுத்த சில வாரங்களில், ரசிகர்கள் எண்களைத் தேடிப் போகும் ‘எக்ஸ்ட்ரா ஸ்கேட்டர்’ தளத்தை நடத்திய டாரில் மெட்காஃபையும் அழைத்துக்கொண்டது. தளம் மூடப்பட்டது. எட்மன்டன் எடுத்த டைலர் டெல்லோ ஒரு வழக்கறிஞர். நியூஜெர்சி எடுத்த சன்னி மேத்தா போக்கர் ஆடியும் ஜாஸ் வாசித்தும் பிழைத்தவர். கரோலைனா எடுத்த எரிக் டல்ஸ்கி பெர்க்லியில் முனைவர் பட்டம் பெற்ற வேதியியலாளர். மீசைக்காகப் பெயர் வைத்த டிம் பார்ன்ஸை வாஷிங்டன் கேப்பிடல்ஸ் சேர்த்துக்கொண்டது. நேற்றுவரை ‘அம்மா வீட்டு மாடியில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர்கள்’ என்று கேலிக்கு ஆளான கூட்டம், ஒரே பருவத்தில் அணிகளின் அலுவலகங்களுக்குள் போயிற்று. 2015 பிப்ரவரியில் லீக்கின் சொந்தத் தளமே இந்தக் கணக்குகளை வெளியிடத் தொடங்கியது. கோர்சி, ஃபென்விக் பெயர்களை மட்டும் எடுத்துவிட்டு ‘ஷாட் முயற்சிகள்’, ‘தடுக்கப்படாத ஷாட் முயற்சிகள்’ என்று வறட்டு அலுவலகப் பெயர்கள் வைத்தார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, அது தெளிவான பெயர்தான். ஆனால் அரங்கில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

இவ்வளவு ஜெயித்த எண் அடுத்த சில மாதங்களிலேயே மூக்குடைபட்டது.

2014–15 பருவம். லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் நடப்புச் சாம்பியன்கள், கோர்சியிலும் லீக்கின் முதலிடம். கால்கரி ஃபிளேம்ஸ் கோர்சியில் கடைசி வரிசை. ஏப்ரல் 9 அன்று இரண்டும் மோதின. கால்கரி 3–1 என்று வென்று பிளேஆஃபுக்குள் போனது, கிங்ஸ் வெளியே. ஆதிக்கத்தின் உச்சியில் இருந்த அணியை அதன் அடிவாரத்தில் இருந்த அணியே வெளியேற்றியது. கிங்ஸ் அந்தப் பருவத்தில் 40 ஆட்டம் வென்றிருந்தார்கள். கூடுதல் நேரத்திலும் ஷூட்அவுட்டிலும் மட்டும் 15 முறை தோற்றிருந்தார்கள். ஐந்துக்கு ஐந்து பேர் ஆடும்போது யார் பக்கை வைத்திருந்தார்கள் என்று சொல்லும் எண், ஒருவருக்கு ஒருவர் நின்று அடிக்கும் ஷூட்அவுட்டைப் பற்றி என்ன சொல்லும்?

நியாயமாகப் பேசினால் கால்கரியின் கதை அடுத்த ஆண்டே முடிந்தது. அணி பிளேஆஃபுக்கு வரவில்லை. 2015-இல் சிறந்த பயிற்சியாளர் விருது வாங்கிய பாப் ஹார்ட்லி 2016 மே மாதம் வேலை இழந்தார். அதற்கு முந்திய ஆண்டு அதே விருதை வாங்கிய பேட்ரிக் ராய், கொலராடோவை 112 புள்ளியோடு பிரிவின் முதலிடத்துக்குக் கொண்டுபோனவர். அந்த அணியின் கோர்சியும் பாதிக்குக் கீழே. அதுவும் மறு ஆண்டு பிளேஆஃபைத் தவறவிட்டது. நீண்ட ஓட்டத்தில் எண் சொன்னதே நடந்தது. ஆனால் ரசிகர் பணம் கட்டி வருவது இந்த வருஷத்து ஆட்டத்தைப் பார்க்க. 2015-இல் கால்கரி இரண்டாம் சுற்று ஆடியது, கிங்ஸ் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

எண்ணின் குறைகளை எதிரிகளைவிட, அதைக் கொண்டாடியவர்களே முதலில் எடுத்துச் சொன்னார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். முன்னிலையில் இருக்கும் அணி பதுங்கும்; பின்தங்கிய அணி கண்டபடி அடிக்கும். எனவே தோற்றுக்கொண்டிருப்பவர்களுக்குக் கோர்சி ஏறும். ஸ்கோருக்குத் தகுந்தபடி எண்ணைத் திருத்தாமல் ஓர் ஆட்டத்தின் கோர்சியைக் காட்டி வாதம் செய்பவரிடம் நான் பேச்சை மாற்றிவிடுவேன். எண்ணுகிறவர்களும் மனிதர்கள்தான். நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பதிவாளர்கள் ஷாட்டுகளை உண்மையைவிட வலைக்கு நெருக்கமாகக் குறித்துவந்தது பின்னாளில் வெளிப்பட்டது. ஒரே ஷாட், அரங்கம் மாறினால் தூரம் மாறும்.

தனி ஆளுக்கு இந்த எண்ணைப் பொருத்துவது இன்னும் வழுக்கும். பாஸ்டனுக்கு ஆடிய பேட்ரிஸ் பெர்ஜரான் பக்கத்தில் யாரை நிறுத்தினாலும் அந்த ஆளின் கோர்சி உயர்ந்தது. தினமும் தன் வலைமுன் தொடங்கி, எதிரணியின் சிறந்த வரிசைக்கு எதிராக மட்டுமே அனுப்பப்படும் தடுப்பாட்டக்காரரின் கோர்சி தாழும். அவர்தான் அணியின் தூணாக இருப்பார். இதற்கெல்லாம் திருத்தங்கள் உண்டு. திருத்தத்துக்கு மேல் திருத்தம் போடப் போட, எண்ணின் முதல் அழகான அந்த எளிமை போய்விடுகிறது.

பெரிய குறை வேறு. ஐம்பது அடி தூரத்திலிருந்து ஒப்புக்கு அடித்த ஷாட்டும், வலைவாயில் ஆளில்லாமல் தட்டிவிட்ட ஷாட்டும் கோர்சிக்கு ஒன்றுதான். இந்தக் குறைக்கு மருந்து கோர்சி என்ற பெயர் பிறப்பதற்கு முன்பே இருந்தது என்பது வேடிக்கை. ஆலன் ரைடர் என்பவர் 2004-இலேயே ஷாட்டின் தரத்தை அளக்க முயன்றிருந்தார்: தூரம், அடித்த விதம், திரும்பிவந்த பக்கை அடித்ததா இல்லையா என்பதைப் பார்த்து, ஒவ்வொரு ஷாட்டும் கோல் ஆகும் வாய்ப்பைக் கணக்கிடுவது. இன்று ‘எதிர்பார்க்கப்படும் கோல்’ என்ற பெயரில் கால்பந்து ரசிகர்களுக்கும் பழகிவிட்ட கணக்கு அது. அதுவும் முழு விடை இல்லை. ஷாட்டுக்கு முந்திய பாஸ் பதிவில் இல்லை. நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்கு ஆடிய ஸ்டீவ் வலிகெட் இங்கே ஒரு கோட்டைக் கிழித்தார். வலையின் நடுவிலிருந்து நேரே வெளியே ஓடும் கற்பனைக் கோடு. அந்தக் கோட்டைக் கடந்து பாஸ் போய், உடனே ஷாட் அடிக்கப்பட்டால், கோல் ஆகும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது என்று காட்டினார். காரணம் எளிது. கோல்கீப்பர் முழு உடம்பையும் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நகர்த்த வேண்டும். வலிகெட் யார்? அவரும் கோல்கீப்பர்தான்! இந்த ஆட்டத்தின் எண்களில் எனக்கு நம்பிக்கை வருவது பெரும்பாலும் வலை காத்தவர்களின் கேள்வியிலிருந்து அவை வரும்போதுதான்.

டல்ஸ்கியும் தோழர்களும் செய்த வேலையும் இப்படிப் பதிவில் இல்லாததைத் தேடியதுதான். லீக் பதியாத ஒன்றை அவர்கள் வீடியோ பார்த்துக் கையால் எண்ணினார்கள்: ஓர் அணி எதிரியின் நீலக்கோட்டை எப்படிக் கடக்கிறது? பக்கைக் கையில் வைத்துக்கொண்டு நுழைந்தால் கிடைக்கும் ஷாட்டுகள், அதை மூலையில் எறிந்துவிட்டுத் துரத்தினால் கிடைப்பதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. 2013-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். தலைமுறை தலைமுறையாகப் பயிற்சியாளர்கள் பத்திரமான வழி என்று சொல்லிக்கொடுத்தது உண்மையில் பாதி வாய்ப்பை விட்டுக்கொடுப்பது என்று தெரிந்தது. என் பார்வையில் கோர்சியின் மிகப் பெரிய பயன் இதுவே. தானே விடையாக இருந்ததைவிட, ‘எதனால் ஷாட் வருகிறது?’ என்ற அடுத்த கேள்வியை அது கேட்க வைத்தது.

2018-இல் கேப்பிடல்ஸ் முதல் முறையாக ஸ்டான்லி கோப்பை வென்றது. பார்ன்ஸை நான்கு ஆண்டுக்கு முன் வேலைக்கு எடுத்த அதே அணி. அந்தப் பருவத்தில் அதன் கோர்சி பாதிக்கும் கீழே. எண்ணுக்குப் பெயர் வைத்தவரை எடுத்த அணி எண்ணை மீறி வென்றது என்று கேலி பேசினார்கள். எனக்கு அதில் முரண் தெரியவில்லை. இடது வட்டத்தில் நின்று அந்த அணியின் அலெக்ஸ் ஓவெச்கின் அடித்த அடியை மற்ற ஷாட்டோடு சேர்த்து ஒன்று என்று எண்ணினால் தவறு ஓவெச்கின் மேல் இல்லை. குறுக்கே பாஸ் போட்டு, நல்ல இடத்திலிருந்து அடிக்கும் அணி, குறைவாக அடித்தும் வெல்லலாம். கூடவே பிரேடன் ஹோல்ட்பி என்ற கோல்கீப்பர். இறுதிச் சுற்றின் இரண்டாம் ஆட்டத்தில், திறந்து கிடந்த வலைக்குள் போக வேண்டிய பக்கை அவர் மட்டையை நீட்டித் தடுத்தது இன்றும் பேசப்படுகிறது.

அதன்பின் இயந்திரங்கள் வந்தன. 2021 முதல் பக்கிலும் சட்டையிலும் உணர்கருவி வைத்து, அரங்கின் கூரையிலிருந்து கேமராக்கள் ஒவ்வொரு நகர்வையும் பதிகின்றன. அதில் ஒரு பகுதி 2023 முதல் பொதுமக்களுக்கும் கிடைக்கிறது. பெரும்பகுதி அணிகளின் பெட்டிக்குள். ரசிகர்கள் கட்டிய வீட்டின் சாவி இப்போது உரிமையாளர்களிடம் இருக்கிறது. வெளியே இருக்கிறவர்கள் கையில் இன்னும் நம்பி எடுக்கக்கூடியதாக மிஞ்சியிருப்பது எல்லோரும் எண்ணிப் பார்க்கக்கூடிய அந்தப் பழைய எண்ணிக்கை. வேதியியலாளர் டல்ஸ்கி 2024-இல் கரோலைனாவின் பொது மேலாளரே ஆகிவிட்டார்.

பருவம் தொடங்கி இருபது, இருபத்தைந்து ஆட்டம் கழிந்த பிறகு ஓர் அணி எங்கே போகும் என்று தெரிய வேண்டுமா? புள்ளிப் பட்டியலை மூடிவிட்டு ஸ்கோருக்குத் திருத்திய கோர்சியைப் பாருங்கள். இதுவரை விழுந்த கோல்களைவிட அதுவே நன்றாகச் சொல்லும். ஓர் ஆட்டக்காரருக்கு ஏழு ஆண்டு ஒப்பந்தம் எழுதுவதற்கு அது மட்டும் போதாது. பக்கத்தில் யார் ஆடினார், எங்கே தொடங்கினார் என்று உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்க்கத்தான் வேண்டும். கோல்கீப்பரைப் பற்றிப் பேச வந்தால் கோர்சியைத் தொடவே வேண்டாம். அவருக்காகப் பிறந்த எண்தான். அவர் எத்தனை முறை குனிந்து நின்றார் என்று சொல்லும், ஆனால் பக்கைப் பிடித்தாரா விட்டாரா என்பது அதில் கிடையாது.